முப்பதுக்குக் கீழே

ஜூன் 11, செவ்வாய்

இருபது வருஷத்துக்கு மேலாக டைரி அடிக்கும் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்த்தவன் நான். லட்சக்கணக்கான டைரிகள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. ஒன்றில்கூட ஒரு வரி எழுதியதில்லை. டைரி எழுதுகிறவர்களை வேலையற்றவர்கள் என்றுதான் நினைத்துவந்தேன். இப்போது நானே வேலையற்றவன்.

டயாலிசிஸ் நர்ஸ்தான் சொன்னார். "தினமும் எவ்வளவு தண்ணி குடிக்கீங்க, காலையில எடை எவ்வளவு, ரெண்டையும் எழுதி வைங்க சார்." பிரஸ்ஸில் கழித்துப்போட்ட டைரி ஒன்று வீட்டில் கிடந்தது. பிப்ரவரி மாதம் தலைகீழாகப் பைண்ட் ஆனது. எனக்கு ஜூனிலிருந்துதானே வேண்டும்.

தண்ணீர்: ஒரு லிட்டர். (பொய். கொஞ்சம் கூடத்தான்.) எடை: 61.

எழுத உட்கார்ந்தாயிற்று, எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பெயர் ரத்தினவேல். ஊர் சிவகாசி. பிரஷர் மாத்திரையை நினைத்தால் போடுவது, மறந்தால் விடுவது என்று இருந்ததில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் விருதுநகரில் மிஷினோடு படுத்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் வீடு. மகள் வெண்ணிலா கோயம்புத்தூரில் படிக்கிறாள். மனைவி ஜெயக்கொடி பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவள் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அடுப்படி என் ராஜ்ஜியம். சமையல் எனக்கு நன்றாகவே வருகிறது. உப்பு ஆகாது, தக்காளி ஆகாது, கீரைகூட அளவாகத்தான். அதனால் ருசி பார்க்க முடியாது, வாசனையை வைத்தே சமைக்கிறேன்.

தம்பி குணசீலன் கிட்னி தருவதாகச் சொல்லியிருக்கிறான். "ரெண்டு இருக்குல்லண்ணே, ஒண்ண எடுத்துக்கோ." சைக்கிளை இரவல் கொடுப்பவன்போலச் சொன்னான். நல்ல பயல்.

ஜூன் 24, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். தம்பிக்கு முதல் கட்டப் பரிசோதனை. ஜெயக்கொடிக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை என்பதால் அவளையும் பார்த்துவைத்துக்கொள்கிறோம் என்றார்கள். மாற்று அறுவை விஷயங்களையெல்லாம் கவனிப்பது சங்கவி என்ற பெண். வெண்ணிலாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வாய் நிறைய சிரிப்பு.

எடை மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் கலர் கலராக ஒரு அட்டவணை. எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுக்க வேண்டுமாம். அந்த எண்ணுக்கு பி.எம்.ஐ. என்று பெயர். ஒல்லிக்கு நீலம், சரியாக இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், ரொம்பக் கூடினால் சிவப்பு. தம்பிக்கு இருபது வந்தது. பச்சை. என்னையும் சும்மா ஏறச் சொன்னாள். இருபத்திரண்டு. நானும் பச்சை! இரண்டு கிட்னியும் செத்துப்போனவன் பச்சைக் கட்டத்தில் ஜம்மென்று நிற்கிறேன்.

ஜெயக்கொடி ஏறினாள். எழுபத்தொன்பது கிலோ. பி.எம்.ஐ. முப்பத்திரண்டு. சிவப்பு.

"மதினி, மிஷின் பாவம், இறங்கிருங்க" என்றான் தம்பி.

"உங்களையும் உங்க அண்ணனையும் ரெண்டு கையில தூக்கிட்டு இந்த மாடிப்படி ஏறுவேன். பாக்கீங்களா தம்பி?"

செய்யக்கூடியவள்தான். காலேஜில் குண்டு எறிந்து மாவட்டத்தில் முதலாக வந்தவள். ஏப்ரல் மாதம் நான் பாத்ரூமில் விழுந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை ஆட்டோவரை ஓடினாள். அந்தத் தெரு ஆம்பிளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பாதி மயக்கத்திலும் பெருமையாக இருந்தது.

ஜூலை 1, திங்கள்

தம்பிக்குச் சர்க்கரை வியாதி.

அவனுக்கே தெரியாது. ரொம்ப நாளாக இருந்திருக்கும் என்கிறார் டாக்டரம்மா மெஹருன்னிசா. தம்பி நம்பவே இல்லை. "டாக்டர், நான் பச்சைக் கட்டத்துல இருக்கேனே!"

"அந்த எண்ணுக்கு உங்க எடை தெரியும், உயரம் தெரியும். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. கையும் காலும் குச்சி மாதிரி இருக்கு, வயிறு மட்டும் லேசா முன்னால வந்திருக்கு பாருங்க. நம்ம ஊர்ல ஒல்லியா இருக்கிறவங்க நிறைய பேருக்கு இப்படித்தான். கொழுப்பு வெளிய தெரியாம வயித்துக்குள்ள போய் உக்காந்திருக்கும். நல்லவேளை, அண்ணனுக்குக் கிட்னி குடுக்கப்போய் உங்க வியாதி வெளிய வந்துச்சு."

சர்க்கரைக்காரனிடம் கிட்னி எடுக்க மாட்டார்களாம். வெளியே வந்ததும் தம்பி என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். "ஒண்ணுக்கும் உதவாதவனாப் போயிட்டேனேண்ணே." அடப்பாவி, நீ தருகிறேன் என்று சொன்னதே எனக்கு ஒரு கிட்னிதான்டா என்றேன். மனதாரச் சொன்னேன்.

சங்கவி ஜெயக்கொடியைக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜெயக்கொடி சொன்னாள். "நான் குடுக்கிறேங்க. எடைதான் கூட. முப்பதுக்குக் கீழ கொண்டுவந்துட்டு வாங்க டீச்சர், மத்த டெஸ்ட் எல்லாம் எடுப்போம்னு சொல்லுது அந்தப் புள்ள. எழுபத்து நாலுக்கு உள்ள வந்துட்டாப் போதும். பாஸ் மார்க் எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, எடுத்துருவோம்."

நான் "பார்ப்போம்" என்றேன். அந்தச் சிவப்புக் கட்டத்தை நினைத்துக்கொண்டேன். திருமங்கலம் தாண்டுவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

காலையில் ஐந்தரைக்கே எழுந்து பள்ளி மைதானத்துக்கு ஓடப் போய்விட்டாள். அரிசியைக் குறைக்கப் போகிறாளாம். கொள்ளு வாங்கி வைத்திருக்கிறாள். கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல். குதிரை மாதிரி ஓடுவதற்குக் குதிரைத் தீனி.

வெறும் கொள்ளு ரசம் எப்படித் தொண்டையில் இறங்கும்? கடைசியில் ஒரு கரண்டி நெய்யில் தாளித்தேன். வாசனைக்கு.

ஜூலை 5, வெள்ளி

டயாலிசிஸ். போகும்போது 63.5, வரும்போது 61. நாலு மணி நேரத்தில் இரண்டரைக் கிலோ இளைத்துவிட்டேன் என்று ஜெயக்கொடியிடம் சொன்னேன். "கொடுத்து வச்ச மகராசன்" என்றாள்.

மிஷின் பார்க்கும் பையனிடம் மெதுவாகக் கேட்டேன். கிட்னி கொடுக்கிறவர்களுக்கு ஆபத்து ஏதாவது உண்டா?

"ரொம்ப ரொம்பக் கம்மி சார்."

கம்மி என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

ஜூலை 7, ஞாயிறு

சண்டே. ஆட்டுக்கறி எடுத்தேன். வாரம் முழுக்க ஓடுகிறவளுக்குத் தெம்பு வேண்டாமா? எனக்கு ஒரு துண்டு. மிச்சம் அவளுக்கு. வேண்டாம் வேண்டாம் என்றாள். சாப்பிட்டாள்.

ஜூலை 10

சோள தோசை. அவளுடையதில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய்.

ஜூலை 14, ஞாயிறு

மெடிக்கல் ஷாப் மிஷினில் எடை பார்த்துவிட்டு வந்தாள். எழுபத்தெட்டு முக்கால். வாரம் முழுக்க ஓடினதற்குக் கால் கிலோ. சோபாவில் உட்கார்ந்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது. சோறு அரைக் கரண்டிதான் போடுறேன். எங்க இருந்துதான் வருதோ."

"உடம்பு வாகு ஜெயா. உங்க அம்மா வீட்டுல எல்லாரும் திடகாத்திரம்தான. அதை எப்படி மாத்த முடியும்?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு மறுபடியும் மைதானத்துக்குப் போய்விட்டாள். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் பொரிச்ச பரோட்டா வாங்கி வந்தேன், ஆறுதலாக இருக்குமே என்று.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தாயிற்று. தேங்காய்ப்பால் இல்லாமல் ஆடியா? பால் எடுத்துப் பாயசம் வைத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

வெண்ணிலா போன் பண்ணினாள். அம்மாவிடம் அரட்டை. பிறகு போனை என்னிடம் தரச் சொல்லி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதும்மா. ஒரு கிட்னியோட நூறு வயசு வாழ்றவங்க இருக்காங்க."

"நீங்க பயப்படுறீங்களாப்பா?"

"எனக்கென்ன பயம்?"

இன்றைக்குத் தண்ணீர் ஒன்றரை லிட்டர். கூடத்தான். தொண்டை வறண்டுவிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஜெயக்கொடியின் பள்ளிக்கூட சயின்ஸ் டீச்சர் எலிசபெத்தைப் பார்த்தேன். "சார், உங்க கைப்பக்குவத்துக்கு எங்க எட்டாம் கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் அடிமை" என்று சிரித்தார். ஜெயக்கொடி தினமும் டிபன் பாக்ஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு இரண்டு வெள்ளரிக்காயோடு மதியத்தை முடித்துக்கொள்கிறாளாம்.

நான் ஊற்றும் நெய்யெல்லாம் எட்டாம் வகுப்பில் போய்ச் சேருகிறது. ஒவ்வொன்றும் எப்படி வளர்ந்து நிற்கப்போகிறதோ. வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு அவளும் ஏதாவது கேட்பாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எழுபத்தைந்தரை. டிராக் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று நாடா போட்டுக் கட்டியிருக்கிறாள். முகம் வற்றிவிட்டது. கன்னத்து எலும்பு தெரிகிறது. அவளுக்கு ஒரே சந்தோஷம், பாட்டெல்லாம் பாடுகிறாள். எழுந்து நிற்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். பசிக்கவில்லையாம். நான் வைத்த தட்டு அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஜெயக்கொடி மைதானத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

நேற்றும் எழுத முடியவில்லை.

சுதந்திர தின அணிவகுப்புக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். விசிலை வாயில் வைத்தபடியே சாய்ந்துவிட்டாளாம். எலிசபெத் டீச்சர் போன் பண்ணினார். அந்தப் போனை எடுத்தபிறகு நான் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. காலில் செருப்பில்லை என்பதை அங்கே நர்ஸ் சொல்லித்தான் பார்த்தேன்.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் படுத்திருந்தால் கட்டில் நிறைய இருப்பாள். அன்றைக்குக் கட்டிலில் இடம் மிச்சம் இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை மதுரையில் எடை பார்ப்பார்கள் என்று தண்ணீரையும் நிறுத்தியிருக்கிறாள். நான் குடிக்கக் கூடாத தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறேன். இவள் குடிக்கக்கூடிய தண்ணீரை வேண்டாம் என்றிருக்கிறாள். கண்ணைத் திறந்ததும் என்ன சொன்னாள் தெரியுமா?

"காலையில எழுபத்து மூணே முக்கால்ங்க. பாஸாயிட்டேன்."

வெளியே வராண்டாவுக்கு வந்து அழுதேன். வீட்டுச் சாப்பாட்டில் நெய்யும் எண்ணெயுமாக நான் கொட்டக் கொட்ட, அவளுக்குப் பட்டினி ஒன்றுதான் வழியாக இருந்திருக்கிறது. இதற்குமேல் எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

மதுரை. டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு வந்தபின்னும் இரண்டு வாய் கஞ்சியோடு, தண்ணீர் குடித்தும் குடிக்காமலும் இருந்த ஜெயக்கொடி மிடுக்காக மிஷினில் ஏறி நின்றாள். இருபத்தொன்பது புள்ளி ஒன்பது. சங்கவி கை தட்டினாள். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"டீச்சர், என்ன பண்ணுனீங்க?"

ஜெயக்கொடி பெருமையாக ஆரம்பித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. மயங்கி விழுந்ததை நான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"ஜூன் மாசம் முப்பத்திரண்டுல வந்தீங்க, அப்ப எடுத்த ரிப்போர்ட்ல சர்க்கரை, பிரஷர், கிட்னி எல்லாம் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு இருபத்தொன்பதுல வந்திருக்கீங்க. உடம்புல தண்ணி வத்திப்போய் கிட்னி திணறுது, சிறுநீர்ல பட்டினி தெரியுது. இன்னைக்கு ரிப்போர்ட்ட மட்டும் பாத்தா இந்த அம்மா கிட்டயிருந்து கிட்னி எடுக்கவே கூடாதுன்னு எழுதுவேன். எந்த எண்ணு நல்ல எண்ணுன்னு நீங்களே சொல்லுங்க."

"முப்பதுக்குக் கீழ வரணும்னு..." என்றாள் ஜெயக்கொடி. அவள் இப்படி இழுத்து நான் பார்த்ததில்லை.

"வந்தா நல்லதுன்னுதான் சொன்னோம். அது பரீட்சை மார்க் இல்ல. அந்தக் கணக்க முதல்ல போட்டவர் டாக்டரே கிடையாது, கூட்டம் கூட்டமா ஆட்களை அளந்து சராசரி பாத்தவர். ஆயிரம் பேரை நிக்க வச்சு, யாரைக் கொஞ்சம் கவனிச்சுப் பாக்கணும்னு பிரிக்கிறதுக்கு அது உதவும். சிவப்புல இருந்தா அலட்சியமாவும் இருக்கக் கூடாது, நிறைய பேருக்கு அதுல ஆபத்து இருக்கத்தான் செய்யுது. ஆனா ஒரு ஆளப் பத்தி முடிவு பண்ண அது மட்டும் போதாது. கொழுப்பு எது, சதை எது, எலும்பு எதுன்னு அதுக்குத் தெரியாது. எங்க சேர்ந்திருக்குன்னும் தெரியாது. உங்க வீட்டுக்காரர் நாலு மணி நேரத்துல ரெண்டரைக் கிலோ குறையிறாரு, அதுல கொழுப்பு ஒரு பொட்டாவது குறையுதா? வெறும் தண்ணி."

டேப் எடுத்து ஜெயக்கொடியின் இடுப்பை அளந்தார். போன தடவை அளந்ததை எடுத்து ஒப்பிட்டார். கொழுப்பையும் சதையையும் பிரித்துப் பார்க்கும் மிஷின் ஒன்று இருக்கிறது, அதில் நிற்க வைத்தார். கொஞ்சம் கொழுப்பு உண்டு, ஆனால் எடையில் நிறைய பங்கு சதைதான், இத்தனை வருஷம் ஓடி ஆடிச் சேர்த்தது என்றார். பட்டினி கிடந்ததில் அந்தச் சதையும் சேர்ந்து கரைந்திருக்கிறது.

"ஒழுங்காச் சாப்பிடுங்க. தண்ணி குடிங்க. ஓடுறத விடாதீங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க. முப்பத்தொண்ணு இருந்தாலும் எனக்குக் கவலையில்ல, மத்தது எல்லாம் சரியா இருந்தா உங்க கிட்னிய சந்தோஷமா எடுத்துக்குவேன்."

ஜெயக்கொடி அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குத்தான் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தண்ணீர்: ஒரு லிட்டர். எடை: 61.5.

சாதாரணச் சமையல். சோறு, சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அவளுக்கு இரண்டு முட்டை. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த அளவு. ஜெயக்கொடி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க, நெய் தீந்துருச்சா?"

"இருக்கு."

"பிறகு ஏன் போடல?"

"மறந்துட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

தம்பி வந்தான். மாத்திரை சாப்பிடுகிறான், தினமும் நடக்கிறான், காபியில் சர்க்கரையை விட்டுவிட்டான். வயிறு உள்ளே போயிருக்கிறது. "எடை அப்படியேதான்ணே இருக்கு, சுகர் மட்டும் இறங்கிருச்சு" என்றான். மதினிக்கு ஒரு தர்பூசணி வாங்கி வந்திருந்தான். அதை நான் பார்க்கக்கூட முடியாது. இரண்டு பேரும் என் எதிரிலேயே உட்கார்ந்து தின்றார்கள், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

செப்டம்பர் 18, புதன்

எல்லாம் சரி. சர்க்கரை சரி, பிரஷர் சரி, இதயம் சரி, இரண்டு கிட்னியும் அருமை. எடை எழுபத்தாறரை. பி.எம்.ஐ. முப்பத்தொன்று. சிவப்புக் கட்டம்தான். டாக்டரம்மா அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தகுதியானவர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜெயக்கொடி வாசலில் நின்று வெண்ணிலாவுக்கு, குணசீலனுக்கு, எலிசபெத் டீச்சருக்கு என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். சந்தோஷப்பட வேண்டியவன் நான்தான். பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

கிட்னி கொடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு குழு விசாரிக்கும். கொடுக்கிறவர் சொந்த விருப்பத்தில்தான் கொடுக்கிறாரா, யாராவது மிரட்டுகிறார்களா என்று பார்க்க. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். மூலையில் கேமரா. முதலில் அவளைத் தனியாகக் கேட்டார்கள், பிறகு என்னை, கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள்.

நடுவில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்க மனைவி கிட்னி தரணும்னு நீங்க எந்த விதத்திலாவது வற்புறுத்துனீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயக்கொடி சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு இல்லை. மைதானத்துச் சிரிப்பு.

"இவரா சார்? நான் குடுத்துறக் கூடாதுன்னு ஒன்றரை மாசமா நெய்ய ஊத்துனாரு சார் மனுசன். முப்பதுக்குக் கீழ போகணும்னு நான் ஓடுறேன். இவரு கொள்ளு ரசத்துல நெய், தோசைக்கு நடுவுல வெண்ணெய், ஆடிக்கு ஒரு பாயசம், அழுதா ஒரு பொரிச்ச பரோட்டா. டிபன் பாக்ஸத் தொறந்தா எண்ணெய் கையில ஒட்டும். என் பிள்ளைங்கதான் சாப்பிட்டு முடிச்சுச்சு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையா சார்?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "ஆமா சார்" என்றேன்.

"ஏன்?"

"நேரா வேண்டாம்னு சொன்னா அவ கேக்க மாட்டா சார். எடை கூட இருக்குன்னு நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டா பிரச்சினை இல்லையேன்னு..." அதற்குமேல் சுற்றி வளைக்க முடியவில்லை. "பயம் சார். நான் போயிட்டா இவ சமாளிச்சுக்குவா. என் மகளையும் பாத்துக்குவா. இவளுக்கு ஏதாவது ஆகி, நான் இவ கிட்னிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அந்த வாழ்க்கைய நான் என்ன சார் பண்ணுவேன்?"

ஓரத்தில் இருந்த அம்மா மூக்கை உறிஞ்சினார். பெரியவர் பேப்பரில் ஏதோ எழுதிவிட்டு, "வற்புறுத்தல் இல்லைன்னு இதுக்கு மேல தெளிவா யாரும் சொன்னதில்ல" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே கேட்டேன். "எப்பத் தெரியும் உனக்கு?"

"முத நாளே தெரியும். கொள்ளு ரசத்துல எங்கயாவது நெய் மிதக்குமாங்க?"

"அப்பவே நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்ல?"

"திட்டுனா நெய்ய நிறுத்திட்டு, கிட்னியே வேண்டாம்னு நேராச் சொல்லிருப்பீங்க. அப்படிச் சொல்லிட்டா நான் என்ன பண்ண முடியும்? நெய் ஊத்துற வரைக்கும் நீங்க வேண்டாம்னு சொல்லலைல்ல." டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள். "என்னைய நெனைச்சுத்தான் ஊத்துறீங்கன்னு தெரியும். அதான் வீட்டுல வச்ச வரைக்கும் சாப்பிட்டேன். வேற யாரும் என்னைய இப்படிக் கவனிச்சதில்ல."

கள்ளிக்குடி தாண்டியதும் என் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பக் கேக்கேன். இனி எடை கிடைன்னு சாக்குச் சொல்ல முடியாது. என் முகத்தப் பாத்து நேராச் சொல்லுங்க. வாங்கிக்குவீங்களா, மாட்டீங்களா?"

கல்யாணத்துக்குக்கூட என் சம்மதத்தை யாரும் இப்படிக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால் அது அவள் மேல் உள்ள பாசம் ஆகாது, என் பயம் மட்டும்தான் என்று அந்த இடத்தில் புரிந்தது.

"வாங்கிக்கிறேன் ஜெயா" என்றேன்.

"சத்தமா."

"வாங்கிக்கிறேன்!"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிவகாசி வரைக்கும் விடவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

நாளைக் காலையில் ஆபரேஷன். வெண்ணிலா வந்துவிட்டாள், தம்பியும் வந்துவிட்டான். இந்த டைரியை நாளைக்கு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். தம்பியிடம் கொடுக்கிறேன். படிக்காதேடா.

அக்டோபர் 13, ஞாயிறு

டைரியைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் பண்ணித்தான் உள்ளே விட்டார்கள். கை நடுங்குகிறது. கோழி கிண்டிய எழுத்து.

கிட்னி வேலை செய்கிறது. ஆபரேஷன் மேஜையிலேயே ஆரம்பித்துவிட்டதாம். சர்ஜன் வந்து சிரித்தார். "உங்க மனைவியோட வயித்துச் சதையப் பிரிச்சு உள்ள போறதுக்கே எங்களுக்கு நேரமாச்சு. அவ்வளவு கெட்டி."

புதன்கிழமை அவளைத்தான் முதலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். நானும் காட்டினேன். மயக்க ஊசி போடவந்த டாக்டரிடம் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார்கள் என்றார். நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். கண் விழித்ததும் நான் கேட்டதும் அதேதானாம். நர்ஸ் சொல்லிச் சிரிக்கிறாள்.

இன்றைக்கு ஜெயக்கொடியை என் அறைக் கண்ணாடிக்கு வெளியே நடத்திக் கூட்டி வந்தார்கள். எனக்குத் தொற்று வரக் கூடாது என்று உள்ளே விடவில்லை. ஒரு கை வெண்ணிலாவின் தோளில், ஒரு கை வயிற்றில். குனிந்து குனிந்து வந்தாள். எப்போதும் நெஞ்சை நிமிர்த்தி நடப்பவள். இண்டர்காம் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். நீ?"

"வலிக்குது. ஆனா நல்லா இருக்கேன்."

"ரொம்பப் பயந்துட்டேன் ஜெயா" என்றேன்.

"நானும்தாங்க" என்றாள். "முத நாள்ல இருந்தே. வெளிய காட்டுனா நீங்க விட மாட்டீங்கன்னு இருந்தேன். தியேட்டர்ல அந்த லைட்டப் பாத்ததும் கையெல்லாம் ஆடிருச்சு. கட்டை விரலக் காட்டுனேன்ல, அப்பவே ஆடிட்டுத்தான் இருந்துச்சு."

நான் பார்க்கவில்லை. இந்த டைரியில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவள் எடை இருக்கிறது, அவள் சாப்பிட்டது இருக்கிறது, என் பயம் இருக்கிறது. உனக்குப் பயமாக இருக்கிறதா என்று அவளை நான் கேட்டதாக ஒரு வரி இல்லை. ஏனென்றால் கேட்கவே இல்லை. அவள் பலசாலி, அவளுக்கு என்ன பயம் என்று இருந்துவிட்டேன். ஊர் அந்த உடம்பைக் குண்டு என்று பார்த்தது, நான் பலம் என்று பார்த்தேன்.

"இப்ப பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்ல" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன். தையல் போட்ட இடம் இரண்டு பேருக்கும் வலித்தது. அழக் கூடாது என்று நர்ஸ்கள் அங்கிருந்து அவளையும் இங்கிருந்து என்னையும் அதட்டினார்கள். வெண்ணிலா போனைப் பிடுங்கி, "ரெண்டு பேரும் அடம் பண்ணாதீங்க" என்றாள்.

அழுது முடித்ததும் எனக்கு நல்ல பசி. அவளுக்கும் பசிக்கிறதாம்.